தொதல் தட்டில் வெள்ளை நட்சத்திரம்: டைட்டானிக்கா, ஒலிம்பிக்கா?

கீழக்கரைக்காரன் (வியாழன் இரவு)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

கீழக்கரையில் எங்கள் பழைய வீட்டு மச்சைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். உத்தரமெல்லாம் உளுத்துவிட்டது. பழைய தேக்கையும் கதவுகளையும் விலைக்குக் கேட்டு வெளியூரிலிருந்து ஒரு தரகர் வந்தார். வந்தவருக்கு உம்மா தேத்தண்ணியும் எங்கள் ஊர் இனிப்பான தொதலும் கொடுத்தார்கள். தொதலைத் தின்று முடித்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தட்டு. நடுவில் இரண்டு வால் பிரிந்த சிவப்புக் கொடி, கொடிக்குள் வெள்ளை நட்சத்திரம். திருப்பி அடியைப் பார்த்தார். "பாய், இது டைட்டானிக் கப்பல் தட்டு" என்றார். கதவு விலையை விட்டுவிட்டு அந்தத் தட்டுக்கு மட்டும் இருபத்தையாயிரம் தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவாராம்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது எங்கள் வீட்டில் தொதல் தட்டு. பெருநாளைக்கு அதில்தான் தொதல் துண்டு போட்டு அடுக்குவார்கள். சின்ன வயதில் அந்த நட்சத்திரம் தெரிகிறவரை தின்றுகொண்டே இருப்பேன். ஒன்பது அங்குல அகலம், விளிம்பில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. மேலே மெல்லிய மயிரிழைக் கோடுகள் நிறைய உண்டு, பழுப்பாக.

என் பூட்டனார், அதாவது வாப்பாவின் பாட்டனார், கொழும்பில் கல் வியாபாரம் செய்தவர். 1908இல் போய் 1931இல் ஊருக்குத் திரும்பினார். துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் வாசலில், கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு நீலமும் வைடூரியமும் விற்றிருக்கிறார். தட்டு எப்படி வந்தது என்று உம்மாவிடம் கேட்டேன். உம்மா தன் மாமியாரிடம் கேட்டதைச் சொன்னார்கள்: "எம்டன் அடங்குன வருசம் வந்த தட்டுடா. அதுக்கு முந்தி ரெண்டு மாசம் பயத்துல கொழும்புல வியாபாரமே இல்லையாம்." எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அடங்கியது 1914இல். அவ்வளவுதான் உம்மாவுக்குத் தெரியும். தட்டோடு ஒரு கரண்டியும் உண்டு. அதன் பிடியிலும் அதே நட்சத்திரக் கொடி. வெள்ளிக் கரண்டி என்று சொல்லிப் பெண்டுகள் மூன்று தலைமுறையாகப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். இப்போது மஞ்சள் பாய்ந்து கிடக்கிறது.

இது இப்படியிருக்க, நேற்று மச்சுக்கு மேலிருந்து கொத்தனார் ஒரு தேக்குப் பெட்டியை இறக்கினார். உள்ளே கணக்குச் சிட்டைகளைக் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி ஒரே ஒரு தபால் அட்டை. முன்பக்கம் நான்கு புகைபோக்கிக் கப்பல் படம், கீழே ஒலிம்பிக் என்று பெயர். மூன்று புகைபோக்கியில்தான் புகை வரைந்திருக்கிறார்கள், கடைசியில் இல்லை. பின்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட தபால்தலை. நியூயார்க் முத்திரை, வருடம் 1927. பக்கத்தில் கட்டம் கட்டி 'பாக்கெபோ' என்று இன்னொரு முத்திரை, அது என்னவென்று புரியவில்லை. முகவரியில் பூட்டனார் பெயர், கொழும்பு கோட்டை. ஆங்கிலக் கையெழுத்து, மை மங்கிவிட்டது. ஒரு மூலையை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது.

அட்டை இன்னும் கெட்டுப்போகாமல் இருக்க நாளை கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். என் கேள்வி தட்டைப் பற்றித்தான். டைட்டானிக்கா? அட்டை ஒலிம்பிக்குடையது என்பதால் தட்டும் ஒலிம்பிக்கா? கொடுக்கலாமா, வேண்டாமா?

பாத்திரக்கடை (வியாழன் இரவு)

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. அந்த அட்டையை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் இளகும் பிளாஸ்டிக் காகித நாருக்குள் இறங்கிவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் பிரித்தெடுக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். இப்போதைக்கு எழுத்தில்லாத இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் முப்பத்தெட்டு வருடமாகப் பழைய பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி வீடுகளிலிருந்து பீங்கானும் செம்பும் பித்தளையும் வந்துகொண்டே இருக்கும். உங்கள் ஊர்ப் பீங்கான்களில் பாதிக்கு மேல் கொழும்பு வழியாக வந்தவைதான். அதனால் உங்கள் தட்டு எனக்கு ஆச்சரியமில்லை. தரகர் சொன்ன பெயர்தான் ஒப்பவில்லை.

அந்தக் கொடி வொயிட் ஸ்டார் லைன் கம்பெனிக் கொடி. டைட்டானிக் அந்தக் கம்பெனிக் கப்பல் என்பது உண்மை. ஒலிம்பிக்கும் அதே கம்பெனிதான். ஆனால் அவர்கள் தட்டில் கம்பெனிக் கொடியைத்தான் அச்சடித்தார்கள், கப்பல் பெயரை அல்ல. ஒரே தினுசுத் தட்டு பல கப்பல்களில் ஓடியது. லிவர்பூலில் ஸ்டோனியர் என்று ஒரு பீங்கான் வியாபாரி அவர்களுக்கு நிறைய சப்ளை செய்தார், உங்கள் தட்டின் அடியில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். முதல் வகுப்புத் தட்டுகளில் பூவேலையும் தங்கக் கோடும் இருக்கும். வெறும் வெள்ளையில் நடுவே சிவப்புக் கொடி மட்டும் என்றால் அது மூன்றாம் வகுப்புக்காரர்கள் சாப்பிட்ட தட்டு. ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்கள், அயர்லாந்துக்காரர்கள், சுவீடன்காரர்கள் சாப்பிட்டது. எனக்கு அந்தத் தட்டின் மேல்தான் மதிப்பு அதிகம்.

ஆக, தட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது டைட்டானிக் என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. டைட்டானிக் 1912 ஏப்ரல் 15 விடிவதற்குள் முழுகியது. கப்பல் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்ததே 1985இல்தான், ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில். அதற்குப் பிறகு மேலே எடுத்த தட்டுகளுக்கெல்லாம் கணக்கும் எண்ணும் உண்டு. உங்கள் வீட்டுத் தட்டு 1914இலேயே கரையில் இருந்தது என்றால் அது கடலுக்கடியிலிருந்து வந்ததில்லை.

இனி, தட்டு பழையதுதானா என்பது. அடிவளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் எடுத்து வைத்து எடுத்து வைத்து அந்த வளையத்தில் பளபளப்பு போயிருக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்தால் கத்திக் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிய வேண்டும். புதிதாகச் செய்த போலியில் கொடி மட்டும் கச்சிதமாக இருக்கும், கீறலே இருக்காது. 'இங்கிலாந்து' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. செய்த நாட்டின் பெயர் போடாத சரக்கை உள்ளே விட மாட்டோம் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த வருடம்தான் நடைமுறைக்கு வந்தது. பதிவு எண் இருந்தால் படித்துச் சொல்லுங்கள். அந்த எண் வரிசை 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கி, 1900 பிறக்கும்போது மூன்றரை லட்சத்தைத் தொட்டுவிட்டது. அதை வைத்து வருடத்தை ஓரளவு சொல்லலாம்.

மயிரிழைக் கோடு பழுப்பாக இருக்கிறது என்றீர்களே, அது தொதல் எண்ணெய். மேல்பூச்சு விரிந்தபின் எண்ணெய் உள்ளே இறங்கிவிடுகிறது. இனிமேல் அதில் எண்ணெய்ப் பண்டம் வைக்காதீர்கள்.

கரண்டியில் வெள்ளி கிடையாது, மேலே முலாம் மட்டும்தான். உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த உலோகம். பெயரில்தான் 'நிக்கல் வெள்ளி' என்று வரும். தேய்த்துத் தேய்த்து முலாம் போய்விட்டது. வருத்தப்படாதீர்கள், மூன்று தலைமுறைக் கை பட்டது அதில் தெரிகிறது. திரும்ப முலாம் போட்டுவிடாதீர்கள்.

அட்டைக்கு வருகிறேன். அதில் கப்பல் பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, எங்கே போட்டது என்று முத்திரை சொல்கிறது, யாருக்குப் போட்டது என்று முகவரி சொல்கிறது. 'பாக்கெபோ' என்றால் பிரெஞ்சில் தபால் கப்பல். நடுக்கடலில் கப்பலின் தபால் பெட்டியில் போட்ட கடிதத்துக்கு அந்தக் கப்பலின் நாட்டுத் தலையை ஒட்டலாம். கப்பல் கரை சேர்ந்ததும் அந்த ஊர்த் தபாலாபீஸில் இந்த முத்திரையைக் குத்துவார்கள். இங்கிலாந்துத் தலையில் நியூயார்க் முத்திரை வந்தது அப்படித்தான். அதாவது உங்கள் அட்டை ஒலிம்பிக் கப்பலுக்குள் வைத்து எழுதியது. அந்தக் கப்பலில் பயணம் செய்த பொருள் என்று நீங்கள் சத்தியம் செய்யக்கூடியது அது ஒன்றுதான். தரகர் கண்ணில் அது படவில்லை. நீங்களும் அதைத்தான் பிளாஸ்டிக்கில் வேகவைக்கப் பார்த்தீர்கள்.

இயந்திர அறை (வெள்ளி காலை)

காக்கா, நான் ஏர்வாடிக்காரன். டேங்கர் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். இப்போது நடுக்கடலில் இருந்து எழுதுகிறேன், இணையம் விட்டுவிட்டு வருகிறது.

உம்மா சொன்ன 'எம்டன் அடங்குன வருசம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. பிறகு இலங்கைப் பக்கம் சுற்றி வணிகக் கப்பல்களைப் பிடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதை அடித்து வீழ்த்தியது. உம்மா சொன்ன இரண்டு மாதக் கணக்கு சரியாக வருகிறது பாருங்கள்.

சிட்னி அப்போது தனியாக வரவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பட்டாளத்தை ஏற்றிய பெரிய கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து போய்த்தான் எம்டனை அடித்தது. கூட்டம் அப்படியே மேலே வந்து நவம்பர் நடுவில் கொழும்பில் நின்றது. அதில் ஆப்ரிக், மெடிக் என்று இரண்டு கப்பல்கள். இரண்டும் வொயிட் ஸ்டார் லைன். பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் பட்டறையில் கட்டியவை, ஒலிம்பிக்கும் டைட்டானிக்கும் பிறந்த அதே பட்டறை. தட்டு அந்த இரண்டில் ஒன்றிலிருந்து இறங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். பட்டாளத்துக்காரன் ஒருவன் ஒரு சின்னக் கல்லுக்குத் தட்டையும் கரண்டியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நிரூபிக்க முடியாது, ஆனால் உம்மா சொன்ன வருடத்தோடு ஒட்டுகிறது. ஆப்ரிக் 1917 பிப்ரவரியில் இங்கிலீஷ் கால்வாயில் டார்பிடோ பட்டு முழுகிவிட்டது. அந்த வகையில் பார்த்தாலும் உங்கள் வீட்டில் இருப்பது சாதாரணத் தட்டு இல்லை.

ஒலிம்பிக் பற்றி நான் சொல்லாமல் இருக்க முடியாது. டைட்டானிக்கின் அக்காள் அது, ஊர் முழுக்கத் தங்கச்சி பேரைத்தான் சொல்கிறது. 1910 அக்டோபர் 20 நீரில் இறக்கினார்கள், 1911 ஜூன் 14 சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். 29 கொதிகலன், 159 அடுப்பு. இரண்டு பக்கச் சுழலிகளுக்கும் பிஸ்டன் இயந்திரம். அவை தின்று முடித்த நீராவியை வீணாக்காமல் நடுவில் ஒரு டர்பைனுக்குக் கொடுத்து மூன்றாவது சுழலியைச் சுற்றினார்கள். இன்றைக்கும் ஓர் இன்ஜினியருக்கு அதை நினைத்தால் நெஞ்சு நிறையும். படத்தில் கடைசிப் புகைபோக்கியில் புகை இல்லை என்று கவனித்தீர்களே, வரைந்தவர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். கொதிகலன்கள் மூன்று புகைபோக்கியோடு முடிந்துவிட்டன. நான்காவது முக்கியமாகக் காற்றோட்டத்துக்கு.

டைட்டானிக் முழுகி பத்து நாள்கூட ஆகவில்லை, 1912 ஏப்ரல் 24 ஒலிம்பிக் புறப்பட நின்றது. அவசரமாக ஏற்றிய மடக்குப் படகுகள் கடலுக்கு லாயக்கில்லை என்று சொல்லி, கரி தள்ளுகிற தொழிலாளர்கள் 284 பேர் கப்பலைவிட்டு இறங்கிவிட்டார்கள். பயணமே ரத்தானது. கீழே, சூட்டில், வெளிச்சமில்லாத இடத்தில் வேலை செய்கிறவன்தான் படகு ஓட்டையா இல்லையா என்று முதலில் கேட்பான். நான் அந்த இடத்தில் வேலை செய்கிறவன், அதனால் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். அந்தக் குளிர்காலத்தில் கப்பலை பெல்ஃபாஸ்டுக்குக் கொண்டுபோய் உள்ளே இரண்டாவது தோல் வைத்து, தடுப்புச் சுவர்களை உயர்த்தி, படகுகளைக் கூட்டினார்கள்.

போரில் பட்டாளக் கப்பலானது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஏற்றி இறக்கியது. 1918 மே 12 விடியற்காலையில் யூ-103 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் மேல் நேராக ஏறி அதை அழித்தது. பயணிகள் கப்பல் நீர்மூழ்கியை முட்டி மூழ்கடிப்பது சின்ன விஷயமா? மாலுமிகள் அதற்கு 'நம்பகமான கிழவி' என்று பொருள்பட ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள். போர் முடிந்ததும் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். உங்கள் அட்டை எழுதிய 1927இல் கீழே கரி தள்ள ஆள் இல்லை. 1934 மே 15 மூடுபனியில், கலங்கரை விளக்கம் போல நங்கூரமிட்டு நின்ற நான்டக்கெட் வெளிச்சக் கப்பலை மோதிப் பிளந்தது, அதில் இருந்தவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1935இல் ஓய்வு. வேலையில்லாமல் பட்டினி கிடந்த ஜாரோ என்ற ஊருக்கு உடைக்க அனுப்பினார்கள், உடைக்கிற வேலையாவது அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கட்டும் என்று. அந்த நவம்பரில் உள்ளே இருந்ததையெல்லாம் ஏலம் விட்டார்கள். அல்ன்விக் என்ற ஊரில் வொயிட் ஸ்வான் ஹோட்டலின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒலிம்பிக்கின் முதல் வகுப்புக் கூடத்து மரவேலை இன்னும் இருக்கிறது. பெரிய மாடிப்படியில் இருந்த செதுக்குக் கடிகாரம் சவுத்தாம்ப்டன் சீசிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் கப்பல் அங்கே நின்றபோது நடந்தே போய்ப் பார்த்தேன். கடிகாரத்துக்கு இருபுறமும் இரண்டு பெண் உருவங்கள். காலத்துக்கு முடிசூட்டுகிற மானமும் புகழும் என்று அதற்கு அர்த்தமாம். அரை மணி நேரம் நின்றேன், காவலாளி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? அதைச் சொல்லுங்கள் காக்கா.

கீழக்கரைக்காரன் (வெள்ளி மதியம்)

பாத்திரக்கடை ஐயா, அட்டை இப்போது உம்மாவின் பெரிய கிதாபுக்குள், இரண்டு தாளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், உங்கள் பதிலைப் பார்த்து நின்றேன். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இந்நேரம் முடிந்திருக்கும்.

தட்டின் அடியில் ஸ்டோனியர், லிவர்பூல் என்று இருக்கிறது. அடிவளையம் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. கத்திக் கீறல் உண்டு. ஆனால் பாதி எங்கள் வீட்டுக் கீறலாக இருக்கும், தொதலை அதில் வைத்துத்தானே வெட்டுவார்கள்.

அட்டையில் முதல் இரண்டு வரிதான் படிக்க முடிகிறது. நீலம் என்ற கல்லின் ஆங்கிலப் பெயர் ஓரிடத்தில் தெரிகிறது. மீதி தேமல் மாதிரி இருக்கிறது.

பாம்பன் டீச்சர் (வெள்ளி மாலை)

தம்பி, நான் பாம்பனில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குக் கப்பல் தெரியாது, காகிதம் தெரியும். அறையை இருட்டாக்கிக்கொண்டு, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் அட்டையின் பக்கவாட்டில் தரையோடு தரையாக வைத்து அடியுங்கள். அந்தக் காலத்துப் பேனா முள் காகிதத்தைக் கொஞ்சம் கீறியிருக்கும். மை போன இடத்தில்கூடக் கீறலின் நிழல் தெரியும். பழைய பதிவேடுகளை நான் அப்படித்தான் படித்திருக்கிறேன். இரண்டு கண் போதாது, உம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமபாணத்துக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் ஒரு ஓரமாகப் போடுங்கள், அட்டையில் படக்கூடாது. கடற்காற்று வருகிற பக்கத்து அறையில் வைக்காதீர்கள்.

நான் இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. என் அப்பா தனுஷ்கோடியில் ரயில்வேயில் இருந்தார். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபிறகு, ரயில் தனுஷ்கோடி வரை, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். போட் மெயில் என்று பெயர். உங்கள் பூட்டனார் 1931இல் அந்த வழியாகத்தான் பெட்டியோடு வந்திருப்பார், அந்தத் தட்டும் அட்டையும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் உங்கள் ஊருக்கு வந்திருக்கும். தனுஷ்கோடியில் சுங்கம் பார்த்துச் சீட்டு ஒட்டுவார்கள் என்று அப்பா சொல்வார். பெட்டியின் பக்கங்களைத் துடைப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் எங்கள் வீடு போனது. உயிர் தப்பினோம். அப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை, கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம்கூட இல்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் பிறகு மணலிலிருந்து சில கிடைத்தன. பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று இன்றும் இருக்கிறது. காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன், அந்த அட்டையை விற்காதீர்கள். தட்டு உங்கள் இஷ்டம்.

கீழக்கரைக்காரன் (ஞாயிறு இரவு)

டீச்சர் அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். வெள்ளி இரவு இஷா தொழுதுவிட்டு வந்து, விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையில் வைத்து, நானும் உம்மாவும் என் மகளும் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தோம். மகள் பத்தாவது படிக்கிறாள், அவள்தான் நிறைய எழுத்துகளைப் பிடித்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது.

எழுதியவர் ஓர் அம்மா. அந்த வருடம் மாசி வாக்கில் கொழும்பு வந்தவர் போலிருக்கிறது. படிக்க முடிந்ததைத் தமிழில் தருகிறேன்: "உங்களிடம் வாங்கிய நீலம் பத்திரமாக இருக்கிறது. லண்டனில் மோதிரத்தில் பதித்துவிட்டேன். பதிப்பதற்கு முன் அங்கே எடை போட்டார்கள். நீங்கள் சொன்ன எடையே இருந்தது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். இன்று கடல் அமைதியாக இருக்கிறது." அதற்குக் கீழே ஒரு வரி, அதைத்தான் பூச்சி தின்றிருக்கிறது. கையெழுத்தில் முதல் எழுத்து மட்டும் மிச்சம்.

எடை பற்றிய வரியை மகள் வாசித்ததும் உம்மா மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மூன்று தடவை வாசித்தாள். கல் வியாபாரத்தில் இருந்த குடும்பம் என்பதால் அந்த வரி எங்களுக்கு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கணக்குச் சிட்டை அத்தனையையும் கரையானுக்கு விட்டுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் ஏன் துணியில் சுற்றி அடியில் வைத்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. வாப்பா இருந்திருந்தால் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஏர்வாடித் தம்பி, நீங்கள் எம்டனைப் பற்றி எழுதியதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆப்ரிக், மெடிக் என்ற பெயர்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நடுக்கடலில் இருக்கிற பிள்ளை நல்லபடியாகக் கரை சேரட்டும் என்று துஆ செய்தார்கள், சொல்லச் சொன்னார்கள்.

பெட்டியின் இடது பக்கத்தில் காகிதம் ஒட்டியிருந்த தடம் ஒன்று நீள்சதுரமாக இருக்கிறது அக்கா. எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. கொத்தனாரைத் துடைக்க விடவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

தரகர் இன்று காலை வந்தார். தட்டு கொடுப்பதில்லை என்றேன். முப்பத்தைந்து வரை போனார். இது டைட்டானிக் இல்லை, டைட்டானிக் என்று சொல்லி நீங்கள் வேறு யாரிடமும் விற்கக்கூடாது, அதனால் கொடுக்க மாட்டேன் என்றேன். கதவும் உத்தரமும் பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டு போனார். அட்டையைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை.

பாத்திரக்கடை ஐயா, செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்தில் எனக்குப் பத்திர ஆபீஸ் வேலை இருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறேன். எந்த மாதிரித் தாளில் வைப்பது, எந்தப் பெட்டியில் வைப்பது என்று நீங்கள் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். உம்மா உங்களுக்குத் தொதல் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டில் எண்ணெய்ப் பண்டம் வைக்கக்கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டதால் பனை ஓலைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்புகிறார்கள்.